ஒன்பதாம் நம்பர் வீட்டு எக்கோ பெட்டி

"டிவியில டாக்டர் வாயைத் திறக்கறான், உங்க குரல் வருது. மூணு வாரமா அந்தக் குழந்தைக்கு அப்பன் யாருன்னு சொல்லப்போறான், சொல்லப்போறான்னு அடுப்பை அணைச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். இன்னிக்கு வாயைத் திறந்தான். என்ன வந்துது தெரியுமா? 'கிணறு பேசுது, பேசுது, சுது, சுது'ன்னு வந்துது."

"அப்ப குழந்தைக்கு அப்பன் நான்தான்னு வெச்சுக்கயேன், நியோமா. இந்த வயசுல எனக்கும் ஒரு பெருமை."

"இந்த நக்கலெல்லாம் என்கிட்ட வேணாம், வெர்லின். அந்தப் பெட்டியைக் கழட்டுவீங்களா மாட்டீங்களா?"

"மாட்டேன்."

அந்த 'மாட்டேன்' எங்கள் காலனியில் லாரியில் இழுத்து வந்து நிறுத்திய பதினோரு டிரெய்லர் வீடுகளுக்கும் கேட்டது. அதற்குள் ஆறு கதவுகள் திறந்துவிட்டன. என் கதவு முதலிலேயே திறந்திருந்தது. நான் வாசலில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கையில் துடைப்பம் இருந்தால் யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்க மாட்டார்கள்.

ஒன்பதாம் நம்பர் வீட்டுப் படியில் வெர்லின் ஸ்டிடம் நின்றார். முப்பது வருடம் நிலக்கரி லாரி ஓட்டியவர். முட்டி தேய்ந்ததும் வண்டியை விற்றுவிட்டு, வழியில் லாரிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிற சிபி ரேடியோவை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து சமையலறை மேஜையில் வைத்துக்கொண்டார். கூரைக்கு மேலே தேவாலயக் கோபுரம் வெட்கப்படும் உயரத்துக்கு ஒரு ஆன்டெனா. ஊரில் பாதிப் பேரிடம் சிபி இருந்தது, அதில் யாருக்கும் புகார் இல்லை. புகார் எல்லாம் அந்த எக்கோ பெட்டி மீதுதான். சோப்பு டப்பா அளவு, இரண்டு திருகு. மைக்குக்கும் ரேடியோவுக்கும் நடுவில் மாட்டினால், ஒரு வார்த்தை பேசினால் ஏழு வார்த்தையாகப் போகும். சின்னப் பையன்கள் கொஞ்சமாகத் திருகி வைத்துப் பாட்டுக்காரர் மாதிரி பேசிப் பார்ப்பார்கள். வெர்லின் இரண்டு திருகையும் கடைசி வரை திருகி வைத்திருந்தார். பாழுங்கிணற்றில் விழுந்த மனிதர் உள்ளே இருந்து கூப்பிடுவது போல இருக்கும். அதனால்தான் லாரிக்காரர்கள் அவருக்குக் 'கிணறு' என்று பெயர் வைத்தார்கள்.

நியோமா ஹென்ஸ்லி பத்தாம் நம்பர். மலை இடுக்கில் இருக்கிற எங்களுக்கு டிவி வருவதே இரண்டு சேனல், அதிலும் ஒன்றில் எப்போதும் பனி பெய்கிற மாதிரி வெள்ளைப் புள்ளிகள்தான். நல்ல சேனலில் இரண்டு மணிக்கு அவளுடைய தொடர். கணவன் இறந்த பிறகு அந்தத் தொடரில் வருபவர்கள்தான் அவளுக்குச் சொந்தக்காரர்கள். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சரியாக இரண்டு பத்துக்குப் படம் கோணல் மாணலாக ஓடும், வெர்லின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து எழுந்து வரும். மற்ற நாளில் அவர் வாயே திறப்பதில்லை.

"அதென்ன செவ்வாய், வெள்ளி கணக்கு?" என்று நியோமா என்னிடம் கேட்டாள். "வேணும்னே பண்றாருக்கா. என் சீரியல் நேரம் தெரிஞ்சு பண்றாரு."

"உன் சீரியல் அஞ்சு நாளும்தானே வருது," என்றேன்.

"அஞ்சு நாளும் பண்ணினா தெரிஞ்சுபோயிடும்ல?"

எனக்குக் காரணம் தெரியும். சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கதையில் அது வேண்டும்.

வெர்லினுக்கு ஒரே மகன், டாயில். அவனும் லாரி டிரைவர்தான். வெர்லினின் மனைவி ஓபலுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவள் போட்ட முதல் கட்டளை, பிள்ளையைக் கூப்பிட்டுக் கட்டில் பக்கம் உட்கார வைக்காதே, அவன் வேலையைப் பார்க்கட்டும் என்பது. வெர்லின் பெண்டாட்டி சொல்லைத் தட்டாதவர். அரிசோனாவிலிருந்து, நெவாடாவிலிருந்து டாயில் போன் பண்ணும்போதெல்லாம், "அம்மா நல்லா இருக்கா" என்பார். பதினோரு வாரம் போனில் நன்றாக இருந்தாள். பன்னிரண்டாவது வாரம் டாயில் நேரே கல்லறைக்குத்தான் வந்து சேர்ந்தான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தோம். என் கையில் உருளைக்கிழங்கு சாலட். இரண்டடி தூரத்தில் நின்றேன், அதனால் ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். டாயில் கத்தவில்லை. மூக்கை ஒருமுறை உறிஞ்சினான். பேச ஆரம்பிக்கும் முன் எப்போதும் அப்படித்தான் செய்வான்.

"எத்தனை தடவைப்பா. அதே குரல்ல, நல்லா இருக்கா, நல்லா இருக்கான்னு. அந்தக் குரல் இனிமே என் காதுல விழக்கூடாது."

வெர்லின் எதையும் பாதியாகக் கேட்கிறவர் இல்லை. குரல் கூடாது என்று மகன் சொன்னான். இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு டாயிலுக்கு ஒஹையோவிலிருந்து டென்னசிக்குக் கோழித் தீவனம் ஏற்றிப் போகும் வேலை கிடைத்ததாகச் செய்தி வந்தது. வாரம் இரண்டு நடை. எங்கள் காலனிக்கு எதிரே இருக்கிற மட்லிக் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அடுத்த சனிக்கிழமை வெர்லின் பழைய சாமான் சந்தைக்குப் போய் அந்த எக்கோ பெட்டியோடு வந்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் சமையலறையிலும் ஒரு சிபி இருக்கிறது. என் வீட்டுக்காரர் லோன்ஸோ லாரியையும், லாரிக் கம்பெனிக் கணக்குப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனபோது அதை விட்டுவிட்டுப் போனார். நான் அதில் பேச மாட்டேன். கேட்பேன். பீன்ஸ் உரிக்கும்போது யாராவது பேசிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு டிரைவர் குரல் வந்தது, பேசுவதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சியது. உரித்துக்கொண்டிருந்த பீன்ஸைக் கீழே வைத்துவிட்டேன். டாயில்தான்; ரேடியோவில் அவனுக்கு மழைக்காக்கா என்று பெயர்.

"மழைக்காக்கா பேசறேன். மட்லிக் பாலம் எப்படி இருக்கு, யாராவது சொல்லுங்க."

"கிணறு பேசுது, பேசுது, சுது. பாலம் சுத்தம், சுத்தம், த்தம்."

"அடேங்கப்பா. யாருங்க அது, கிணத்துக்குள்ள விழுந்துட்டீங்களா? கயிறு போடவா?"

"இங்கயே சௌகரியமா இருக்கு, ருக்கு, ருக்கு."

டாயில் சிரித்தான். ஓபல் போன பிறகு அவன் சிரித்து நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் வெர்லினும் கேட்டிருப்பார்.

அப்படி ஆரம்பித்தது. பனி மூட்டம், மான் நடமாட்டம், எடை போடுகிற இடத்தில் அதிகாரி இருக்கிறாரா இல்லையா, இதுதான் பேச்சு. சில நாள் கொஞ்சம் நீளும். என்ன சாப்பிட்டீங்க கிணறு? பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும். எங்கம்மா செய்வாங்க, அந்த மாதிரி எங்கயும் கிடைக்கல. "கிடைக்காது, டைக்காது, காது" என்றது பெட்டி. மொத்தமே ஏழெட்டு நிமிடம். அதற்குள் லாரி மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும், குரல் அறுந்துவிடும். அதற்கு மேல் எட்ட வேண்டும் என்றுதான் கட்டிலுக்கு அடியில் இன்னொரு பெட்டியும் வைத்திருந்தார் வெர்லின், குரலை ஊதிப் பெருக்குகிற பெட்டி. சட்டப்படி கூடாது. அது ரொட்டிப் பெட்டி என்று எங்களிடம் சொல்லியிருந்தார்.

அவர்களுக்குள் ஒரு ஏற்பாடும் இருந்தது. "நான் பேசலைன்னா பாதை சரியா இருக்குன்னு அர்த்தம்," என்று கிணறு ஒருநாள் சொன்னது. "தப்பா இருந்தா மட்டும் கட்டாயம் பேசுவேன்."

"பத்து நாலு," என்றான் டாயில். லாரிக்காரர்கள் சரி என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நியோமா ஒரு தாளில் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எக்கோ பெட்டியைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒன்பதாம் நம்பரைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்று காலனி உரிமையாளர் எஸ்டில் பிராட்டுக்கு மனு. டிவியில் கேட்பது எக்கோ, ஆகவே டிவியைக் கெடுப்பது எக்கோ பெட்டி. எங்கள் காலனியின் விஞ்ஞானம் அவ்வளவுதான். உண்மையில் டிவியைக் கெடுத்த ரொட்டிப் பெட்டியை யாரும் சந்தேகப்படவில்லை.

என் வீட்டுக்கும் வந்தாள். "போடுக்கா கையெழுத்து."

போடாவிட்டால் ஏன் என்று கேட்பாள். சொல்ல வேண்டுமென்றால், ஒரு வருடமாக அப்பனும் பிள்ளையும் பேசுவதை அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். போட்டேன். அழகான கையெழுத்து, ஏழாவதாக.

எஸ்டில் புதன்கிழமை வந்தார். அவர் சண்டைக்காரர் இல்லை. கெட்ட செய்தி சொல்ல வரும்போது தொப்பியைக் கழற்றிக்கொள்கிறவர்.

"வெர்லின் அண்ணே, பெட்டியை என்கிட்ட கொடுத்துடுங்க. ரேடியோ வெச்சுக்கங்க, பேசுங்க, யாரு வேணாங்கறா. சாதாரணமா எல்லாரும் பேசற மாதிரி பேசுங்க."

"சாதாரணமா பேச முடியாது, எஸ்டில்."

"ஏன்?"

வெர்லின் தெருவைப் பார்த்தார். அப்புறம் பாலத்தைப் பார்த்தார். என் துடைப்பத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. இரு, எடுத்துட்டு வரேன்."

எஸ்டில் அதை ஆபீஸ் மேஜை இழுப்பறையில், தொலைந்த சாவிகளோடு போட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டு பத்துக்கு டாயில் கூப்பிட்டான். "கிணறு, இருக்கீங்களா?" பதில் இல்லை. "சரி, பாதை சுத்தம்," என்று சொல்லிவிட்டுப் போனான். நியோமாவின் டிவியில் ஒரு கோடு கூட இல்லை. குழந்தைக்கு அப்பன் டாக்டரின் தம்பி என்று தெரிந்துவிட்டது. அவள் எனக்கு ஒரு துண்டு ஆப்பிள் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். "பார்த்தியாக்கா, பெட்டிதான். நான் அன்னிக்கே சொன்னேன்."

செவ்வாயும் அப்படியே போனது. அடுத்த வெள்ளி, "கிணறு, உடம்பு கிடம்பு சரியில்லையா? கயிறு இன்னும் என் வண்டியிலதான் இருக்கு," என்றான். அன்று வெர்லின் தன் வீட்டுச் சமையலறையில் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பன்னிரண்டடி. அவர் விரல் பொத்தானுக்கு மேலே இருந்தது, அழுத்தவில்லை. லாரி பாலத்தைத் தாண்டி மலையைச் சுற்றிப் போய் மறைந்த பிறகும் மைக்கைக் கீழே வைக்கவில்லை. நான் திரையை இழுத்துவிட்டேன். அது என் வழக்கமே இல்லை.

அதற்கு அடுத்த செவ்வாய் காலையில் மழை. பிறகு குளிர் திடீரென்று இறங்கியது. எங்கள் பக்கம் வெயில் எட்டிப் பார்த்தது. பாலம் மட்டும் மலை நிழலில். மேலே ஈரம் மாதிரித்தான் தெரியும், உண்மையில் கண்ணாடி மாதிரி ஐஸ். ஒன்றே முக்காலுக்கு வைக்கோல் ஏற்றிய ஒரு சின்ன வண்டி வழுக்கிக் கைப்பிடிச் சுவரில் முட்டிக் குறுக்கே நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, உதவி கேட்க ஊர்ப் பக்கம் நடந்து போனார். வளைவு திரும்பி வருகிறவனுக்குப் பாலம் தெரிவது கடைசி நூறடியில்தான். இருபது டன் தீவனத்துக்கு நூறடி எந்த மூலைக்கு.

இரண்டு எட்டுக்கு மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"மழைக்காக்கா பேசறேன். கிணறு, இருக்கீங்களா?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். என் ரேடியோவில் மைக் இல்லை. லோன்ஸோ அதை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தார். வேறு டிரைவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். அந்தக் குளிரில் சாலையில் யாரும் இல்லை.

"கிணறு?" கொஞ்ச நேரம் விட்டு, "சரி. பேசலைன்னா பாதை சுத்தம். வரேன்."

அப்போது எங்கள் காலனியின் பதினோரு டிவியிலும் படம் கோணல் மாணலாக ஓடியது. நியோமா வீட்டில், எஸ்டில் ஆபீஸில், மூன்றாம் நம்பர் கிழவரின் வீட்டில், எல்லாவற்றிலும் ஒரே குரல். எதிரொலி இல்லை. கொஞ்சம் கரகரப்பான, வயதான குரல், தெளிவாக.

"பாலத்துல ஐஸ். வண்டி ஒண்ணு குறுக்க கிடக்கு. கியரைக் குறை. பிரேக்கைத் தொடாதே. பிரேக்கைத் தொடாதே, டாயில்."

டிவியில் படம் மறுபடி நேரானது. தொடரில் யாரோ யாரையோ முத்தமிட்டிருக்க வேண்டும், யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிட்டோம்.

லாரி வளைவில் எறும்பு மாதிரி ஊர்ந்து வந்தது. பாலத்துக்கு இருபதடி முன்னால் நின்றது. மஞ்சள் விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன.

ஐஸ் கரைய உப்புத் தூவுகிற வண்டி வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் டாயில் ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து ஒன்பதாம் நம்பர் படி இருநூறு கஜம். வெர்லின் கதவைத் திறந்து, கோட்டு போடாமல் படியில் வந்து நின்றார். கையை ஆட்டவில்லை. அவனும் இறங்கவில்லை. உப்பு வண்டி வந்தது, வைக்கோல் வண்டியை இழுத்துவிட்டார்கள், டாயில் பாலத்தைத் தாண்டிப் போனான். ஹாரன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. வெர்லின் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நியோமா வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள். "டாயிலா? யாருக்கா டாயில்? அவர் பிள்ளை டாயிலா?"

அப்போதுதான் சொன்னேன். கல்லறையிலிருந்து கிணறு வரை எல்லாவற்றையும், துடைப்பத்தைத் தவிர. அவள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். நடுவில் ஒரு தடவை கூடக் குறுக்கே பேசவில்லை, அவள் வாழ்க்கையில் அது முதல் தடவை.

"தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டியாக்கா?"

"நீதானே தாளை நீட்டினே."

"நான் தெரியாம நீட்டினேன். நீ தெரிஞ்சு போட்டே."

அவள் எழுந்து நேரே எஸ்டில் ஆபீஸுக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன்.

"அந்தப் பெட்டியைக் கொடுங்க."

"நியோமா, நீதானே மனு—"

"பெட்டி இல்லாமத்தான் டிவி மோசமா இருக்கு. இன்னிக்கு நீங்களே பார்த்தீங்கல்ல. முன்னாடியாவது என்ன சொல்றாருன்னு புரியாது. இப்ப ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. யாரால சீரியல் பார்க்க முடியும்?"

எஸ்டில் தொப்பியைத் தேடினார், பிறகு அது தலையிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தார். இழுப்பறையைத் திறந்து சாவிகளுக்கு நடுவிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவரும் ஜன்னலில் நின்று பார்த்தவர்தான்.

நியோமா அதை வெர்லின் படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு ஓடி வந்துவிட்டாள். பக்கத்தில் ஒரு துண்டு ஆப்பிள் கேக்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குத் தொடரை விட்டுவிட்டு என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். இரண்டு பத்துக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டு பதினொன்று. அவன் ரேடியோவில் வேறு சேனலுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன்.

மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"மழைக்காக்கா பேசறேன். கிணறு இருக்கீங்களா?"

"இருக்கேன், க்கேன், கேன்."

நியோமா நாற்காலியை ரேடியோவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு வாரமா எங்க போயிட்டீங்க? உங்க இடத்துல வேற யாரோ ஒரு பெரியவர் வந்து பேசினாரு. பாலத்துல ஐஸுன்னு."

"அப்படியா, டியா, யா."

"அவரைப் பார்த்தா சொல்லுங்க. நான் தாண்டிட்டேன்னு."

"சொல்றேன், றேன், றேன்."

"அவருக்கு உடம்பு எப்படி இருக்கு, தெரியுமா?"

"முட்டி வலி, வலி, லி. மத்தபடி தேவலை, வலை, லை."

"கோட்டு போடாம வெளியில நிக்கக்கூடாதுன்னு சொல்லுங்க."

லாரி பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. "பத்து நாலு, நாலு, லு," என்றது கிணறு. நியோமா என் துணி நாப்கினை எடுத்து மூக்கைச் சிந்தினாள். அது ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வைத்திருந்தது.

டாயில் அப்பா என்று ஒருநாளும் கூப்பிடவில்லை, வெர்லினும் பெட்டியைக் கழற்றவில்லை. இரண்டு பேரில் ஒருவர் முதலில் விட்டுக்கொடுத்தால் போதும் என்று எனக்குத் தோன்றும். என்னை யார் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது இதுதான். இரண்டு வருடத்தில் எங்கள் மலைக்கும் கேபிள் டிவி வந்தது. பத்தாம் நம்பரில் ஒரே ஒரு ஒயரைக் கட்ட கேபிள்காரர் ஐந்து தடவை வந்தார்; ஆறாவது தடவை நியோமாவைக் கட்டிக்கொண்டு லெக்சிங்டனுக்குப் போனார். முப்பத்தாறு சேனலாம்.

டாயில் நாக்ஸ்வில் பக்கம் ஒரு டிரைவர் ஹோட்டலில் வேலை செய்த வெல்டா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். செய்தியை ரேடியோவில்தான் சொன்னான். "கிணறு, சனிக்கிழமை ரெண்டு மணிக்கு. வர முடிஞ்சா வாங்க. வாசல்ல உங்க பேரைச் சொன்னா விடுவாங்க." வெர்லின் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வெள்ளைச் சட்டையோடு வந்து, இஸ்திரி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். நன்றாகப் போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவருடைய கார் நின்ற இடத்திலேயே நின்றது. வாசலில் எந்தப் பெயரைச் சொல்வார், அதுவும் பெட்டி இல்லாத குரலில்? அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார், கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு.

அடுத்த வசந்தத்தில் டாயிலும் வெல்டாவும் டெக்சாஸுக்கு வீடு மாறினார்கள். தீவன லாரிக்கு வேறு டிரைவர். வெர்லின் ஒன்பதாம் நம்பரிலேயே இருக்கிறார். நானும் எங்கும் போகவில்லை. கேபிள் வேண்டாம் என்று சொன்னது காலனியில் நான் ஒருத்திதான். பழைய டிவியே போதும். செவ்வாய், வெள்ளி இரண்டு பத்துக்கு அதில் படம் இப்போதும் கோணல் மாணலாக ஓடுகிறது; யாரும் கேட்காமலே, 'பாலம் சுத்தம், சுத்தம், த்தம்' என்கிறது கிணறு.